காப்பைத் தள்ளும் கட்டைவிரல்

உலகத்தில் உள்ள பேட்ஸ்மேன்கள் எல்லாம் வீடியோ போட்டுப் பார்த்து, கம்ப்யூட்டரில் கோடு கிழித்து, ஆளுக்கொரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

என் பெயர் ரச்பால் கௌர். ஜலந்தரில் பாலி என்றால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் நிர்வைர் சிங், இந்திய அணியின் ஆஃப் ஸ்பின்னர். நிர்வைர் என்றால் எவரோடும் பகை இல்லாதவர் என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவான் அவர் அம்பயரிடம் எல்பிடபிள்யூ கேட்கிற அழகைப் பார்த்ததில்லை.

அவருடைய பந்து சாதாரணமாக வலது கை ஆட்டக்காரனுக்கு உள்ளே திரும்பும். அவன் அதற்குப் பழகி, கொஞ்சம் தைரியம் வந்து, காலைத் தூக்கி முன்னால் வைக்கும்போது, அதே ஓட்டம், அதே கையசைவு, அதே பச்சைப்பிள்ளை முகத்தோடு இன்னொன்று போடுவார். அது வெளியே ஓடும். அதுதான் தூஸ்ரா. அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டுதான் வீடு கட்டினோம், அவர் தங்கைக்குக் கல்யாணம் செய்தோம், ஜலந்தர் முனிசிபாலிட்டி எங்கள் தெருமுனைக்கு அவர் பெயரை வைத்து, அதிலும் எழுத்துப்பிழை விட்டது.

எனக்குத் தெரிந்த விஷயம் இதுதான். அவர் பதினைந்து வயதில் அமிர்தம் எடுத்துக்கொண்டு தீட்சை பெற்ற சீக்கியர். அன்றைக்கு வலது கையில் ஏறிய இரும்புக் காப்பு. அப்போது அது ஒல்லிக் கை. அதற்கப்புறம் பந்தை முறுக்கி முறுக்கிக் கை உலக்கையாகிவிட்டது. இப்போது அந்தக் காப்பைக் கழற்றவேண்டுமானால் ஒன்று கையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் காப்பை வெட்ட வேண்டும். இரண்டில் கையை வெட்டுவதற்குத்தான் அவர் சம்மதிப்பார். தூஸ்ராவுக்கு மணிக்கட்டை அந்தப் பக்கமாகத் திருகும்போது காப்பு எலும்பில் போய் இடிக்கும். அதனால் ஓடத் தொடங்கும் முன் இடது கட்டைவிரலால் காப்பை ஒரு தள்ளு தள்ளி முழங்கை பக்கமாக ஏற்றிக்கொள்வார். ஏற்றுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. மூச்சு விடுகிறவனுக்கு மூச்சு விடுவது தெரியுமா?

கல்யாணமான புதிது. ஒரு மத்தியானம் வீட்டுக்குத் தாமதமாக வந்தார்.

"எங்க போயிருந்தீங்க?"

"பிராக்டீஸ். வேற எங்க?"

தாடியில் ஒரு கொண்டைக்கடலை ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டாளிகளோடு அமிர்தசரஸுக்கு வண்டி கட்டிப் போய்க் குல்சா ரொட்டியும் கடலையும் தின்றுவிட்டு வந்திருக்கிறார். நான் கடலையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். "பிராக்டீஸ்" என்று சொல்லும்போது இடது கட்டைவிரல் போய்க் காப்பைத் தள்ளியது. அன்று சாயங்காலம் டிவியில் பழைய மேட்ச் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். ஓடுவதற்கு முன் அதே விரல், அதே தள்ளு. பந்து வெளியே ஓடியது, ஸ்டம்பு பறந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரை ஏமாற்றவும் பெண்டாட்டியை ஏமாற்றவும் இந்த மனுஷனுக்கு ஒரே விரல்தான்!

சொல்வேனா? மூக்கணாங்கயிறு தானாக வந்து கையில் விழுந்திருக்கிறது, அதை மாட்டிடமே கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? பதினாலு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் குடும்பம் நடத்தினேன். "அந்த புல்லட் வண்டி நண்பனோடது" என்பார், விரல் தள்ளும், வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். "உன் ராஜ்மா எங்கம்மா ராஜ்மாவை விடப் பிரமாதம்" என்பார், விரல் தள்ளும், மறுநாளும் ராஜ்மாவே வைப்பேன். ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தபோது கேட்டேன்: "உங்க வீட்டுல சொன்னாங்கன்னு கட்டிக்கிட்டீங்களா, பிடிச்சுக் கட்டிக்கிட்டீங்களா?" பிடித்துத்தான் என்றார். காப்பு அசையவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். காய்ச்சலால் என்று நினைத்துக்கொண்டு அவர் மாத்திரை தேடினார். எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?

இதற்குக் கேடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கெல்லர்ட் என்று ஒரு கேப்டன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், பார்ப்பதற்குச் சாது. முதல் டெஸ்டில் என் வீட்டுக்காரரை வெளுத்து வாங்கிவிட்டான். உள்ளே திரும்புகிற பந்தை மண்டியிட்டுப் பெருக்கித் தள்ளினான். தூஸ்ரா வந்தால் முன்கூட்டியே பின்னால் போய் நின்று, சொல்லிவைத்தாற்போல வெட்டினான். நானும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியாரை நாங்கள் பீஜி என்போம். பீஜிக்கு கிரிக்கெட்டில் மூன்று விஷயம்தான் தெரியும்: மகன் பந்து போடுகிறான், மகனை அடிக்கிறார்கள், அம்பயர் கண் தெரியாதவன்.

"இந்த வெள்ளைக்காரன் எப்படிடி கண்டுபிடிச்சான்?" என்றார் பீஜி.

"எதை பீஜி?"

"பந்தைத்தான். வேற எதை?" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி உரிப்பதில் மூழ்கிவிட்டார்.

எனக்குப் பதில் தெரியும். கெல்லர்டின் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். எல்லா பேட்ஸ்மேனும் பந்தைப் பார்ப்பான். இவன் கண் கொஞ்சம் கீழே, மணிக்கட்டில் இருந்தது. என் சொத்தில் இன்னொருத்தன் கைவைத்துவிட்டான்.

மறுநாள் பேப்பர்காரர்கள் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். தூஸ்ராவுக்கு வயதாகிவிட்டதாம். முப்பத்துநாலு வயதில் ஸ்பின்னரை வெளியே அனுப்பினால் திரும்பிக் கூப்பிடமாட்டார்கள். தேர்வுக் குழுத் தலைவர் டிவியில் வந்து, அடுத்த டெஸ்ட் மொஹாலியில், சொந்த மாநிலக் கூட்டத்துக்கு முன்னால் நிர்வைருக்கு ஒரு வாய்ப்பு தருகிறோம் என்று, கருமாதிக்குத் தேதி குறிப்பதுபோலச் சொன்னார். இங்கிலாந்துப் பயணத்துக்கு வேறு ஆள் ரெடி என்று பேச்சு அடிபட்டது.

எனக்கு இருந்தது இரண்டே வழி. சொன்னால் அவர் பிழைப்பார், என் கயிறு போய்விடும். சொல்லாவிட்டால் கயிறு இருக்கும், ஆனால் அதில் கட்டியிருக்கிற மனுஷன் உயிரில்லாமல் கட்டிலில் கிடப்பார். பந்து போடாத நிர்வைரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை விரல் ஒடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். சமையலறை ஜாடிகளை எல்லாம் உயரவாரியாக அடுக்கிவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

சொல்வதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள விபினுக்குப் போன் போட்டேன். விபின் சூத், லூதியானாக்காரன், விக்கெட் கீப்பர். இவருடைய பந்தை வருஷக்கணக்காகப் பிடிக்கிறவன். இவரை அண்ணன் முறையில் பாஜி என்றும் என்னை அண்ணி முறையில் பாபிஜி என்றும் கூப்பிடுவான்.

"விபின், ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. அவர் தூஸ்ரா போடப் போறார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பாத்துத்தான், பாபிஜி."

"கையில எங்க?"

போனில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "உங்களுக்கும் தெரியுமா?" என்றான்.

"படுபாவி! இத்தனை வருஷமா அவர்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு திருடர்கள் ஒரே வீட்டில் ஏறிக் குதித்து, இருட்டில் மோதிக்கொண்டது போல ஆகிவிட்டது.

"பாபிஜி, நான் அதை வெச்சுத்தான் பந்தைப் பிடிக்கறேன்" என்றான் விபின். "அது நின்னுபோச்சுன்னா எனக்கும் பேட்ஸ்மேனுக்கும் வித்தியாசமே கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து தடவுவோம். என் பிழைப்பையும் நெனச்சுப் பாருங்க."

"அவர் பிழைப்பே போகப்போகுதுடா!"

"பாஜி வேற ஏதாவது பண்ணிச் சமாளிச்சிருவாரு. அவசரப்படாதீங்க பாபிஜி, கைகூப்பிக் கேக்கறேன்" என்றான். அவன் பேச்சைக் கேட்டு நானும் அவசரப்படாமல் இருந்தேன். மொஹாலியில் முதல் இன்னிங்ஸில் கெல்லர்ட் சதம் அடித்தான்.

கடைசி நாள் காலையில் பொறுக்க முடியவில்லை. ஆஸ்திரேலியா ஜெயிக்க வேண்டிய ரன் அதிகமில்லை. கெல்லர்ட் இரண்டாவது இன்னிங்ஸிலும் நங்கூரம் போட்டு நின்றிருந்தான். மேட்ச் பார்க்க பீஜியோடு சண்டிகருக்கு வந்திருந்த நான், அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குக் கிளம்பிப் போய் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே தலைப்பாகை கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மைதானத்தில் தலையில் இறுக்கிக் கட்டுகிற சின்னத் துணியோடு நின்றாலும், பஸ் ஏறும்போது அவருக்கு முழுத் தலைப்பாகை இருந்தாக வேண்டும். அந்த நீளத் துணியை ஒருவர் ஒரு முனையிலும் இன்னொருவர் மறுமுனையிலும் நின்று இழுத்துப் பிடித்து மடிக்க வேண்டும். வீட்டில் அது என் வேலை, வெளியூரில் விபின் வேலை. என்னைக் கண்டதும் விபினுக்கு முகம் வெளுத்தது. முனையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவர் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம். நடுவில் நீலத் துணி.

"இழுத்துப் பிடி பாலி, தொய்யுது."

"ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லு. பஸ் நிக்குது."

"சாயங்காலம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கெல்லர்ட் உங்க பந்தைப் பாக்கறதில்ல. காப்பைப் பாக்கறான். தூஸ்ரா போடறதுக்கு முன்னாடி நீங்க அதைக் கட்டைவிரலால தள்ளறீங்க. ஒவ்வொரு தடவையும்."

ஆண்பிள்ளை அல்லவா, தெரியாது என்று ஒத்துக்கொள்வாரா? "அது எனக்குத் தெரியுமே. வேணும்னேதான் பண்றேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இடது கை துணியை விட்டது, கட்டைவிரல் போய்க் காப்பைத் தள்ளியது.

"இப்ப கையைப் பாருங்க!"

குனிந்து பார்த்தார். துணி தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய மூளையில் சக்கரங்கள் சுற்றுவது எனக்குக் கேட்டது. யோசனை கிரிக்கெட்டைத் தாண்டி வேறெங்கோ போய் நின்றது.

"பொய் சொன்னாலும் தள்ளறேனா?"

"தள்ளறீங்க."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"குல்சா தின்ன அன்னையிலேருந்து."

"அப்ப அந்த புல்லட்?"

"தெரியும்."

"லண்டன்ல பிளேன் லேட்டுன்னு சொன்னேனே?"

"பிளேன் கரெக்டா வந்துச்சு. நீங்கதான் சவுத்தால்ல உங்க மாமா பசங்களோட கூத்தடிச்சிட்டு இருந்தீங்க."

"ராஜ்மா?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

"அதுவும்தான்."

"தெரிஞ்சும் மறுநாள் ராஜ்மாவே வெச்சியேடி!"

"தெரிஞ்சதனாலதான் வெச்சேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாலு வருஷமாக வீட்டுக்குள்ளேயே ஒற்றன் இருந்திருக்கிறான் என்று கத்தினார். கெல்லர்டாவது வெள்ளைக்காரன், நீ என் உப்பைத் தின்றவள் என்றார். நான் தின்ற உப்பை நானேதான் போட்டுச் சமைத்தேன் என்றேன். வெளியே நடையில் யாரோ செருமினார்கள். விபினாகத்தான் இருக்கும், கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பான்.

"இத்தனை நாள் சொல்லாதவ இன்னிக்கு ஏன் சொல்ற?" என்றார்.

"இன்னிக்கு அவனை எடுக்கலைன்னா நீங்க நிரந்தரமா வீட்டோட இருப்பீங்க. ஜாடியெல்லாம் உயரவாரியா அடுக்குவீங்க. அந்தக் கொடுமையை யார் அனுபவிக்கறது?" என்று எகத்தாளமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்தது. துணியின் முனையால் கண்ணைத் துடைத்தேன்.

அவர் விழுந்த முனையைக் கையில் எடுத்தார். மறுபடி இழுத்தார். மடித்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் என் பக்கம் வருவார், நான் அவர் பக்கம் போவேன், அதுதான் அதன் முறை. கடைசி மடிப்பில் கையும் கையும் தொட்டது.

"டேப் சுத்தி மறைச்சுக்கட்டுமா?" என்றார்.

"பந்து போடற கையில சுத்தினா அம்பயர் பிரிக்கச் சொல்வார். அது உங்களுக்கே தெரியும்."

"இடது கைக்கு மாத்திக்க?"

"கழண்டாத்தானே?"

கீழே பஸ் ஹாரன் அடித்தது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

பீஜியும் நானும் குடும்பத்தாருக்கான வரிசையில் போய் உட்கார்ந்தோம். பீஜி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பின்னி என்கிற இனிப்பு உருண்டையை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் விநியோகித்துக்கொண்டிருந்தார். பந்து என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அம்பயரிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். முதலில் காப்பைத் தள்ளாமலேயே தூஸ்ரா போட்டுப் பார்த்தார். காப்பு எலும்பில் இடித்ததில் கை உதறி, பந்து தரை தொடாமல் இடுப்பு உயரத்துக்கு நேராகப் போனது. கெல்லர்ட் அதைக் கூட்டத்துக்குள் அனுப்பினான். இரண்டாவது தடவையும் அதே கதி. மைதானமே தலையில் கைவைத்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். எல்லாப் பந்துக்கும் காப்பைத் தள்ளத் தொடங்கினார். உள்ளே வருவதற்கும் தள்ளினார், வெளியே போவதற்கும் தள்ளினார். கெல்லர்ட் முழித்தான். பின்னால் போய் வெட்டப் பார்த்தவன் தொடையில் வாங்கிக்கொண்டான். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தன் ஸ்லிப்பில் பிடி கொடுத்தான், அடுத்தவன் காலில் வாங்கிக்கொண்டு எல்பிடபிள்யூ ஆகி வெளியேறினான். இங்கே இன்னொருத்தனும் முழித்தான். விபின் இடது பக்கம் தாவ, பந்து வலது பக்கம் எல்லைக் கோட்டுக்கு ஓடியது. பைஸ் நான்கு ரன். விபின் தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்தான். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

"அடியே, நீ அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார் பீஜி.

"என்னத்த பீஜி?"

"காப்பைப் பத்தி. மூஞ்சியைப் பாரு, பூனை பால் குடிச்ச மாதிரி."

நான் பீஜி பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்குப் போகாம ஊர் சுத்திட்டு வருவான், விரல் போய் நிக்கும். எனக்கு அப்புறம் உனக்குன்னு வெச்சிருந்தேன். நகை நட்டு மாதிரி. அதைப் போய் அவன்கிட்டயே தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறியே, முட்டாப் பெண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பின்னியைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

கெல்லர்ட் லேசுப்பட்டவன் இல்லை. சீக்கிரமே புரிந்துகொண்டான். நானும் புரிந்துகொண்டேன். பொய்த் தள்ளுக்கும் மெய்த் தள்ளுக்கும் வித்தியாசம் இருந்தது. தூஸ்ராவுக்கு என்றால் காப்பு மேலே ஏறி இறுகி நிற்கும், நிற்காவிட்டால் எலும்பில் இடிக்குமே. சும்மா ஏமாற்றுவதற்கு என்றால் ஏறிவிட்டு, ஓடும்போதே வழுக்கிக் கீழே வந்துவிடும். அவ்வளவுதான், கெல்லர்ட் மறுபடி பந்தை மட்டையின் நடுவில் வாங்கத் தொடங்கினான். வேண்டிய ரன் குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்திரேலியாவின் கைவசம் ஒரே விக்கெட்தான், ஆனால் அடிக்கிறவன் அவன்.

என் மனசுக்குள் ஒரு அல்ப சந்தோஷமும் எட்டிப்பார்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கயிறு முழுசாகப் போய்விடவில்லை, இன்னும் ஒரு நூல் என் கையில் இருக்கிறது என்று தோன்றியது. இந்த மனுஷனால் என்னிடம் தப்ப முடியாது.

அவர் ஓட்டத்தின் முனையில் நின்றார். இடது கட்டைவிரல் காப்பைத் தள்ளியது. ஓடி வந்தார். காப்பு வழுக்கிக் கீழே இறங்கி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"உள்ள வருது பீஜி, பாருங்க" என்றேன், அடித்துச் சொல்கிற மாதிரி.

கெல்லர்டும் உள்ளே வருகிறது என்றுதான் காலை நீட்டினான். விபினும் உள்ளே வருகிறது என்றுதான் கெல்லர்டின் கால் பக்கமாக நகர்ந்தான். பந்து கெல்லர்டின் மட்டையைத் தாண்டி வெளிப்பக்கம் திரும்பி, வெளி ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தது.

மைதானம் எழுந்து நின்றது. கூட்டத்தில் இருந்த முரசுக்காரன் முரசைக் கிழித்தேவிட்டான். பீஜி முன் வரிசையில் இருந்த யாரோ ஒரு போலீஸ் அதிகாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் கத்தினேன், குதித்தேன், தொண்டை கிழிந்தது. அவர் மட்டும் துள்ளவில்லை. வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பு எலும்பில் இடிக்கும் என்று தெரிந்தே அதைக் கீழே விட்டுவிட்டு, அந்த வலியோடு, கை உதறாமல் தூஸ்ரா போட்டிருக்கிறார். என் கண்ணெதிரே, என்னை வைத்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறார், நான் நம்பியிருக்கிறேன். குதித்துக்கொண்டிருந்தவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இங்கிலாந்துக்குப் போகிறவர்களில் அவர் பெயர்தான் முதலில். தெரு முழுக்க லட்டு. விபின்கூட வந்து போனான், என்னோடு பேசாமல் லஸ்ஸியை மட்டும் குடித்துவிட்டு. வந்தவர்கள் எல்லாம் போனபின், முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். மணிக்கட்டு வீங்கி, காப்பு சதைக்குள் புதைந்திருந்தது. நான் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சளும் கடுகெண்ணெயும் சூடாக்கித் தடவிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றார். இடது கை கட்டிலில் கிடந்தது. அசையவில்லை.

"கடைசிப் பந்து போடறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னீங்களே, என்ன யோசிச்சீங்க?"

"யோசிக்கல. உன்னைத் தேடினேன்."

"அவ்வளவு கூட்டத்துலயா?"

"பச்சை துப்பட்டா. பீஜிக்குப் பக்கத்துல. உன்னைப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன், பாலி."

என் கண் பழக்கத்தில் அவருடைய இடது கட்டைவிரலுக்குப் போனது. அது பாட்டுக்குக் கிடந்தது. வலது கை என் மடியில் இருந்தது, காப்பு வீக்கத்தில் சிக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டுமே எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பச்சை துப்பட்டா போட்டிருந்தது நிஜம்தான். அதை டிவியிலும் காட்டினார்கள். மைதானத்தில் பார்த்தாரா, ஹோட்டலில் டிவியில் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா?

வேறு வழியில்லாமல் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் கேள்வி கேட்டுவிட்டு நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. கேட்பேன், கையைப் பார்ப்பேன், முடிந்தது. தாடியில் காது ஓரமாக நரை ஏறியிருந்தது. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. அந்த முகம் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அதில் ஒரு பயம் இருந்தது. எப்போதுமே இப்படித்தான் காத்துக்கொண்டிருந்ததா, தெரியவில்லை.

"நம்பறியா?" என்றார்.

"நம்பறேன்" என்றேன்.

அவர் கண் என் கைகளுக்குப் போனது, இத்தனை வருஷம் நான் பார்த்ததுபோல. அவை மஞ்சள் எண்ணெயோடு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துவிட்டு, அவரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.